ஆளுநர் கையெழுத்திட்ட முக்கோணத் துண்டு

டெக்சாஸ் மாநிலத்தில் என் வீட்டை ஒட்டிச் செல்லும் கிராமப்புறச் சாலையின் வளைவை நேராக்கியபோது, என் வேலிக்கும் புதிய சாலைக்கும் நடுவே முக்கோணமாக ஒரு துண்டு நிலம் ஒதுங்கிப்போனது. நம்மூராக இருந்தால் புறம்போக்கு என்று சொல்லி மாட்டைக் கட்டியிருப்போம். இங்கே அது மாநிலப் போக்குவரத்துத் துறையின் உபரி நிலம். அதை வாங்கி ஒரு பட்டறைக் கொட்டகை போடலாம் என்று மனுக் கொடுத்தேன். பத்திரம் கைக்கு வரப் பதினாறு மாதங்கள் ஆயின.

விலையில்தான் இழுபறி வரும் என்று பயந்திருந்தேன். அது ஒரே கடிதத்தில் முடிந்துவிட்டது. என்னை அலையவிட்டது வரிசை. உபரி நிலத்தை வாங்கும் முன்னுரிமை முதலில் நிலம் கையகப்படுத்தும் அதிகாரமுள்ள அரசு அமைப்புகளுக்கு உண்டு. அவர்களுக்குப் பிறகே ஒட்டிய நிலத்துக்காரர், அவருக்கும் பிறகு பொதுமக்கள். என் துண்டிலிருந்து சுமார் 2,000 அடி தொலைவில் நகராட்சியின் சிறு விமான நிலைய ஓடுதளம் முடிகிறது. ஆகவே, தங்களுக்கு வேண்டாம் என்று நகராட்சி எழுதிக் கொடுத்தால்தான் என் முறை வரும். "அந்த நிலம் எங்களுடையதே இல்லையே, அதைப் பற்றி நாங்கள் என்ன எழுதுவது?" என்று நகராட்சி அலுவலக முகப்பில் இருந்த அம்மையார் மூன்று முறை திருப்பி அனுப்பினார். நான்காம் முறை மனமிரங்கி ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினார். அதை அச்செடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போக்குவரத்துத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்குப் போனால், நகர மன்றத்தின் தீர்மானம் வேண்டும், இது போதாது என்றார்கள்.

காரணம் பிறகுதான் புரிந்தது. கூட்டரசு மானியம் பெறும் விமான நிலையம், ஓடுதளத்தை அணுகும் வான்வழியை இடையூறின்றிக் காப்பதாக உறுதி கொடுத்திருக்கிறது. டெக்சாஸின் சிறு விமான நிலையங்களுக்கு அந்த மானியம் இதே போக்குவரத்துத் துறையின் விமானப் பிரிவு வழியாகத்தான் வருகிறது. அதனால்தான் ஒரு வரி மின்னஞ்சலை நம்பி நிலத்தை விற்கத் துறை தயங்கியது. விமான நிலையத்துக்கு அருகில் நிலம் கேட்பவர்கள், மனு எழுதுமுன்பே மன்றத் தீர்மானத்துக்கு அலையத் தொடங்குங்கள். எங்கள் மன்றம் மாதம் ஒரு முறைதான் கூடுகிறது.

அடுத்து சர்வே. நான் அமர்த்திய சர்வேயர் பக்க அளவுகளை மாநில ஆயத்தொலைவு வலைப்படி, அதாவது வளைந்த பூமியைத் தட்டையாக்கிய வரைபடக் கணக்குப்படி எழுதிவிட்டார்; துறை கேட்பதோ தரையிலேயே அளந்தால் கிடைக்கும் அளவு. முன்னதைப் பின்னதாக மாற்றக் கவுண்டிவாரியாக (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) ஒரு பெருக்கெண் இருக்கிறது. முந்நூறு அடிப் பக்கத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை அங்குலம்கூட இல்லை. அந்த அரை அங்குலத்துக்காக வரைபடம் திரும்பி வந்து, ஏழு வாரம் போனது. சர்வேயரிடம் முதல் நாளே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொட்டகை விஷயத்தில் தவறு முழுக்க என்னுடையது. 3,200 அடியைவிட நீளமான ஓடுதளத்திலிருந்து 20,000 அடிக்குள், 100 அடித் தொலைவுக்கு 1 அடி என்ற சரிவை மிஞ்சி எது எழும்பினாலும், வேலை தொடங்குவதற்கு 45 நாள் முன்பே கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு அறிவிக்க வேண்டும். என் தொலைவில் அந்த வரம்பு 20 அடி. கொட்டகையின் கூரை முகடு 24 அடி. அறிவித்தேன், இடையூறு இல்லை என்ற பதிலும் வந்தது. ஆனால் உத்தரத்தைத் தூக்க வரும் கிரேனின் கை 40 அடிக்கு மேல் எழும்பும் என்பதையும், அதற்கும் அறிவிப்பு வேண்டும் என்பதையும் மறந்துவிட்டேன். மறுபடியும் 45 நாள்.

மற்றவை தாமாக நடந்தன: ஆஸ்டினில் போக்குவரத்து ஆணையம் பரிந்துரைத்தது, மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஒப்பினார், ஆளுநர் கையெழுத்திட்டார். வீட்டுப் பத்திரத்தில்கூட இவ்வளவு பெரிய கையெழுத்து எனக்கு வாய்த்ததில்லை என்பதால், கவுண்டியில் பதிவு செய்யுமுன் அதை நாலைந்து படம் எடுத்துக்கொண்டேன். பிறகுதான் உள்ளே நிதானமாகப் படித்தேன். எண்ணெய், எரிவாயு, தாதுக்கள் மீதான உரிமையை அரசு தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. புதிய சாலையிலிருந்து உள்ளே வண்டி திருப்ப வழி விடுவது பற்றி மட்டும் பத்திரத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதற்குத் தனி அனுமதியாம். போன வாரம்தான் மனுக் கொடுத்திருக்கிறேன்.