சார்ஜ் ஏறுகிறது, படம் மட்டும் வரவில்லை

அண்ணியின் ரெட்மி ஃபோனில் இடம் தீர்ந்துவிட்டது. பீலிக்கான் கோயில் தீமிதி, பையனின் காதுகுத்து எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. இத்தனை படங்களையும் இணையத்தில் ஏற்றி வைக்கலாம் என்றால் ரங்கூனில் அது நடக்கிற காரியமில்லை. டேட்டாவும் விலை, கரண்டும் நினைத்தபோது போகும். "தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல இறக்கிக் குடுத்துடுங்க" என்று என்னிடம் தந்தார். கேபிளைச் செருகினேன். சார்ஜ் ஏறியது. அதோடு சரி.

முதலில் பார்க்க வேண்டியது ஃபோனைத்தான். ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பெரும்பாலும் 'வெறும் சார்ஜ்' என்ற நிலையில்தான் இணையும். பூட்டைத் திறந்து, மேலிருந்து திரையை இழுத்து, யுஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்ற வேண்டும். பலருக்குப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும். எனக்குத் தீரவில்லை. கணினியோடு இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் 'அதர் டிவைசஸ்' என்பதன் கீழே ஒரு வரி, அதன் மேல் மஞ்சள் முக்கோணம். உள்ளே கோட் 28, அதாவது டிரைவர் (கருவியோடு பேசக் கணினிக்குத் தேவையான மென்பொருள்) நிறுவப்படவில்லை.

இந்த இடத்தில் பலர் கூகுளுக்கு ஓடி, 'டிரைவர் பேக்' என்று கிடைப்பதையெல்லாம் இறக்குவார்கள். அதற்கு முன் 'டீடெயில்ஸ்' பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடியை, அதாவது கருவியின் அடையாள எண்ணை, பார்த்துவிடுவது நல்லது. 2717 என்று இருந்தது. அது ரெட்மியைத் தயாரிக்கும் ஷாவ்மியின் எண். ஆக, எதிரே இருப்பது யார் என்று கணினிக்குத் தெரிகிறது, எப்படிப் பேசுவது என்றுதான் தெரியவில்லை. சிப் தயாரிக்கும் குவால்காமின் பெயரோடு 9008 என்று வந்திருந்தால் கதையே வேறு. ஃபோன் ஆண்ட்ராய்டுக்குள் போகாமல் அவசர நிலையில் நிற்கிறது என்று பொருள்.

நடுவில் டவுன்டவுனில் ஒரு ஃபோன் கடையிலும் கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அகோ (அண்ணா), ரோம் புதுசா போட்டா சரியாயிடும்" என்றார் பர்மிய மொழியில். ரோம் என்றால் ஃபோனை இயக்கும் மென்பொருள். ரோம் மாற்றினால் உள்ளே இருப்பது அழிந்துபோகும் வாய்ப்பே அதிகம். காப்பாற்ற வேண்டிய படங்களையே பலி கொடுத்துவிட்டு டிரைவரைச் சரிசெய்து என்ன பயன்? ஃபோனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஃபோனில் நாம் தேர்ந்தெடுத்த 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' எம்டிபி வழியாகத்தான் நடக்கிறது. எம்டிபி என்பது கணினியும் ஃபோனும் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் முறை. பழைய ஆண்ட்ராய்டு ஃபோன்கள் மெமரி கார்டை அப்படியே ஒரு டிரைவாகக் கணினியிடம் ஒப்படைத்துவிடும், அந்த நேரத்தில் ஃபோனால் அதைத் தொட முடியாது. எம்டிபியில் நினைவகம் ஃபோனின் பொறுப்பிலேயே இருக்கும். கணினி ஒவ்வொரு கோப்பாகக் கேட்டு வாங்கும். இதற்கான டிரைவர் விண்டோஸிலேயே உண்டு, வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டாம். அந்த வரியின் மேல் வலது கிளிக் செய்து 'அப்டேட் டிரைவர்', பிறகு 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்', பிறகு 'லெட் மீ பிக்' என்று போய், 'போர்ட்டபிள் டிவைசஸ்' பட்டியலில் 'எம்டிபி யுஎஸ்பி டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். சிலர் ஏடிபி டிரைவர் போடச் சொல்வார்கள். அது மென்பொருள் எழுதுகிறவர்களுக்கானது, இப்படிப் படங்களை இறக்க அது தேவையில்லை.

நானும் அப்படியே தேர்ந்தெடுத்தேன். 'சர்வீஸ் இன்ஸ்டலேஷன் செக்ஷன் இன் திஸ் ஐஎன்எஃப் இஸ் இன்வேலிட்' என்று ஒரு பிழை வந்து நின்றது. முடிச்சு அவிழ்ந்தது இங்கேதான். செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதியைப் பார்த்தேன். என் கணினியில் இருந்தது 'விண்டோஸ் 10 ப்ரோ என்'. கணினி வாங்கும்போதே போட்டுக் கொடுத்தது, கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த ஓர் எழுத்தை யார் கவனிக்கிறார்கள்? 2004இல் பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஆணையம், மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட்டுக்கு உத்தரவிட்டது. அப்படிப் பிறந்ததுதான் 'என்' பதிப்பு. மீடியா பிளேயரோடு ஃபோன், கேமரா போன்றவற்றை இணைக்கும் பாகங்களும் அதில் விடுபட்டிருக்கும். பிரஸ்ஸல்ஸில் போட்ட உத்தரவு ரங்கூனில் காதுகுத்துப் படத்தைத் தடுத்து வைத்திருக்கிறது!

மருந்தின் பெயர் 'மீடியா ஃபீச்சர் பேக்'. செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்', 'ஆட் எ ஃபீச்சர்' என்று போனால் கிடைக்கும். ஆனால் அதை இறக்க இணையம் வேண்டும். என் கணினியிலோ வைஃபை கிடையாது. அதனால் அண்ணியின் ஃபோனிலேயே 'யுஎஸ்பி டெதரிங்' போட்டேன், அதாவது ஃபோனின் இணையத்தைக் கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுத்தேன். உடனே கணினிக்கு இணையம் வந்துவிட்டது. இதில் இன்னொரு லாபமும் உண்டு: கேபிள், போர்ட், ஃபோன் மூன்றிலும் குறை இல்லை என்று உறுதியாகிவிட்டது. சார்ஜுக்கு மட்டுமான கேபிளாக இருந்தால் டெதரிங் வேலை செய்யாது. டிரைவரில் கை வைப்பதற்கு முன்பே செய்து பார்க்க வேண்டிய சோதனை இது என்பேன்.

இறக்கம் பாதியில் இருக்கும்போது கரண்டு போனது, வந்ததும் மறுபடி தொடங்கினேன். முடிந்ததும் கணினியை ரீஸ்டார்ட் செய்து ஃபோனைச் செருகினேன். முக்கோணம் போய், ஃபோனின் பெயரோடு சின்னம் வந்துவிட்டது.

ஆல்பங்களுக்கு அண்ணி பர்மிய எழுத்தில் வைத்திருந்த பெயர்கள் மட்டும் கணினியில் குலைந்து தெரிந்தன. அது டிரைவர் கோளாறு அல்ல. மியன்மார் 2019 அக்டோபர் 1இல் உலகப் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறியது, அண்ணியின் ஃபோனோ இன்னும் பழைய பர்மிய எழுத்துக் குறியீடான ஜாவ்ஜியில்தான் இருக்கிறது. படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இழுக்காமல் ஃபோல்டர் ஃபோல்டராக எடுத்தேன், எம்டிபி அவ்வளவு வேகம் கிடையாது. அப்புறம், 'கட்' வேண்டாம், 'காப்பி'தான். நகரும்போது கரண்டு போனால் எது எங்கே நின்றது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். காப்பி முடிந்து, நாலைந்து படங்களைத் திறந்து சரிபார்த்து, பென்டிரைவிலும் ஒரு நகல் போட்ட பிறகே ஃபோனில் அழித்துக்கொள்ளச் சொன்னேன்.