என் ஜோடி யார் என்று எனக்குத் தெரியாது

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் வாடகைக்கு வீடு தேடுகிறவளாக நான் சில முறை நடித்திருக்கிறேன். வீட்டுவசதியில் இனப் பாகுபாட்டை எதிர்த்து வேலை செய்யும் ஒரு தொண்டு அமைப்பு எனக்கு ஒரு தாள் கொடுக்கும். என்ன வேலை பார்க்கிறேன், ஆண்டு வருமானம் எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை பேர், எந்த மாதம் குடிவர வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். அதை மனப்பாடம் செய்துகொண்டு தரகரைப் போய்ப் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட அதே வருமானமும் அதே தேவையும் எழுதிய இன்னொரு தாளோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் எனக்கு முன்போ பின்போ அதே தரகரிடம் போவார். அவர் யார் என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். அவருக்கு எந்த வீடுகளைக் காட்டினார்கள் என்பதும் எனக்குத் தெரியவராது.

"அப்படியானால் இதில் உனக்கு என்ன மிச்சம்?" என்று என் கணவர் கேட்டார். ஒன்றும் மிச்சமில்லைதான். பெட்ரோல் செலவுக்குக் கொஞ்சம் பணம் தருவார்கள், அவ்வளவே. ஆனால் ஜோடியைப் பற்றித் தெரியாமல் இருப்பதில்தான் இந்தச் சோதனையின் உயிரே இருக்கிறது. அவளுக்கு ஆறு வீடு காட்டினார்கள் என்று தெரிந்தால், என் அறிக்கையில் கோபம் ஏறிவிடும். நடந்ததை மட்டும் எழுதச் சொல்வார்கள். உட்காரச் சொன்னாரா, எத்தனை மணிக்கு உள்ளே கூப்பிட்டார், வருமானச் சான்று கேட்டாரா, எந்த ஊர்ப் பெயரை யார் முதலில் சொன்னது. "அவர் என்னை இளக்காரமாகப் பார்த்தார்" என்று ஒருமுறை எழுதியிருந்தேன். பயிற்சி கொடுத்த அம்மாள் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "கண்ணாடியைக் கழற்றினாரா, கடிகாரத்தைப் பார்த்தாரா, அதை எழுதுங்கள்" என்றார்.

ஒரு சந்திப்பை மட்டும், இடம் பெயர் இல்லாமல், சொல்கிறேன். தரகர் அறுபது வயதுக்காரர், நல்ல மனிதர். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். கடற்கரைப் பக்கம் ரயில் நிலையத்துக்கு அருகில் ஓர் ஊரைக் குறிப்பிட்டு, அங்கே இரண்டு படுக்கையறை வேண்டும் என்றேன். தலையாட்டிக்கொண்டே மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த வரைபடத்தில் பேனா மூடியால், இந்தியர்கள் நிறைய வாழும் ஹிக்ஸ்வில்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "உங்களுக்கு இங்கேதான் வசதி. கடைகள், உங்கள் ஆட்கள், எல்லாம் பக்கத்திலேயே இருக்கும்." நான் இருபது வருடமாக ஹிக்ஸ்வில்லில்தான் குடியிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. அந்தக் கடைகளில்தான் முருங்கைக்காய் வாங்குகிறேன். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நிஜமாகவே வீடு தேடிப் போயிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

அந்த வெள்ளைக்காரப் பெண்ணிடமும் இப்படி ஒரு வட்டம் போட்டாரா, அல்லது அவள் கேட்ட ஊரிலேயே வீடு காட்டினாரா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் அது அக்கறையா, திருப்பிவிடுதலா என்று சொல்ல முடியும். அந்த அறையில் இருந்த எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற மூன்றாம் ஆளுக்குத்தான் தெரியும். அந்தக் காலத்தில் "உனக்கு வீடு கிடையாது" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். இப்போது சிரித்துக்கொண்டு செய்கிறார்கள். தனி ஆளால் கண்டுபிடிக்கவே முடியாத அநீதி இது. நாலு பேர் சேர்ந்தால்தான் கண்ணுக்கே தெரியும்.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பத்திரிகை நியூஸ்டே மூன்று ஆண்டுகள் உழைத்து 2019 நவம்பரில் ஒரு புலனாய்வை வெளியிட்டது. 25 பேர் ரகசிய ஒலி, ஒளிப்பதிவுக் கருவிகளோடு 93 தரகர்களைப் பார்த்தார்கள். ஒப்பிடத் தகுந்த சோதனைகள் 86. கறுப்பினத்தவர் போன சோதனைகளில் 49 சதவீதத்திலும், லத்தீன் அமெரிக்கர் போனவற்றில் 39 சதவீதத்திலும், ஆசியர் போனவற்றில் 19 சதவீதத்திலும் வெள்ளையரைவிட வேறு மாதிரி நடத்தப்பட்டதற்கான சான்று கிடைத்தது. வங்கிக் கடன் ஒப்புதல் இருந்தால்தான் வீடு காட்டுவேன் என்று கறுப்பரிடம் சொன்னவர், வெள்ளையரை வெறும் கையோடு அழைத்துப் போனார். பிரென்ட்வுட் என்ற ஊரைப் பற்றி ஒரு தரகர் கறுப்பினத்தவரிடம் மிக அருமையான மனிதர்கள் வாழும் இடம் என்றார். வெள்ளையரிடம் அங்கே நடந்த ரவுடிக் கும்பல் சம்பவங்களைக் கொஞ்சம் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றார். இரண்டையும் தனித்தனியே கேட்டால் இரண்டுமே நல்ல யோசனை!

வேடம் போட்டுப் போகிறவர்கள் வழக்கில் என்ன மதிப்புப் பெறுவார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். இதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-லேயே தீர்த்துவிட்டது. வர்ஜீனியாவில் வாடகை வீடு கேட்டுப் போன ஒரு கறுப்பினச் சோதனையாளரிடம் காலி இல்லை என்றும், வெள்ளைச் சோதனையாளரிடம் இருக்கிறது என்றும் சொன்ன வழக்கு. வீடு எடுக்கும் எண்ணமே இல்லாதவராக இருந்தாலும், உண்மையான தகவலைப் பெறும் உரிமை அவருக்கு உண்டு, பொய் சொல்லப்பட்டவர் வழக்குப் போடலாம் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த உரிமையைத் தந்தது 1968-ல், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரே வாரத்தில் கையெழுத்தான வீட்டுவசதிச் சட்டம்.

எங்கள் வீட்டிலிருந்து காரில் சில நிமிடம் போனால் லெவிட்டவுன். 1947-ல் தொடங்கிச் சில ஆண்டுகளில் 17,447 வீடுகளை வார்ப்பு எடுத்த மாதிரி கட்டினார்கள். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அரசாங்க உத்தரவாதத்தில் கடன். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: வெள்ளை இனத்தவர் அல்லாத யாரும் இங்கே குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்கள் தவிர. அதே போரில் துப்பாக்கி தூக்கிய கறுப்பினச் சிப்பாய்க்கு அங்கே வேலைக்காரனாக மட்டும்தான் இடம். இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் நடைமுறை மாறவில்லை. அன்றைக்கு அந்த வீடு வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அதன் மதிப்பில் கல்லூரிக்குப் போனார்கள். வாங்க முடியாதவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் வாடகை கட்டுகிறார்கள். லெவிட்டவுனில் இன்றும் கறுப்பினத்தவர் மிகச் சிலரே.

இதையெல்லாம் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேண்டீனில் தோசைக்கு வரிசையில் நிற்கும்போது சொன்னால், "அது கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் உள்ள பழைய பகை, நமக்கு எதற்கு அக்கா?" என்று தம்பிமார் கேட்கிறார்கள். அடுத்த வாக்கியத்திலேயே, "நல்ல பள்ளி இருக்கிற ஊர் எது என்று சொல்லுங்கள்" என்பார்கள். லாங் ஐலண்டில் 120-க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் உண்டு. ஊருக்கு ஊர் கோடு போட்டுப் பிரித்திருக்கிறார்கள்; வீடு எந்தக் கோட்டுக்குள்ளோ, பிள்ளைக்குப் பள்ளியும் அங்கேதான். தரகர் இனத்தைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். "பள்ளி நன்றாக இருக்கும்" என்றால் ஒருவரை ஒரு பக்கமும், "வாடகை உங்களுக்குக் கட்டுப்படியாகும்" என்றால் இன்னொருவரை மறு பக்கமும் அனுப்பிவிடலாம். அந்தத் தம்பிமாரின் பேச்சில் எனக்கு எரிச்சல் உண்டு, மறைக்கவில்லை. நியூஸ்டே சொன்ன 19 சதவீதத்தில் நாமும்தான் இருக்கிறோம்.

தரகரைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்த பிறகும் விஷயம் முடிவதில்லை. நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் கல்லாவில் இருக்கும் பெண் எல் சால்வடோர்க்காரி. பக்கத்து நகராட்சி ஒன்றில் குடியிருக்கிறாள். ஒரு சனிக்கிழமை காலை நகராட்சிக் கட்டட ஆய்வாளர் கதவைத் தட்டி, யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லி உள்ளே வந்து, அளவுக்கு அதிகமாக ஆட்கள் தங்கியிருக்கிறார்களா என்று மெத்தைகளை எண்ணினாராம். அவளுடைய அம்மாவின் கட்டிலைத் தூக்கிப் பார்த்தாராம், கீழே இன்னொரு மெத்தை இருக்கிறதா என்று.

ஆய்வே வேண்டாம் என்பவள் அல்ல நான். வெளியேற வழியில்லாத அடித்தள அறையில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். புகை எச்சரிக்கைக் கருவி இல்லாத வீட்டுக்காரரைப் பிடிக்கத்தான் வேண்டும். என் ஆட்சேபம் வேறு. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை புகாரின் பேரில் நடக்கின்றன. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், தொலைபேசி அழைப்பு எல்லோர் மீதும் போவதில்லை. மீன் பொரிக்க அடித்தளத்தில் இரண்டாவது அடுப்பு வைத்திருக்கும் தமிழ் வீடுகள் எனக்கு எத்தனையோ தெரியும். யாரிடமும் அனுமதிச் சீட்டு இருந்து நான் பார்த்ததில்லை. அங்கே யாரும் மெத்தை எண்ண வரவில்லை.

இது எங்கே போய் முடியும் என்பதை லாங் ஐலண்ட் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2005-ல் ஃபார்மிங்வில்லில், ஆட்கள் அதிகம் என்று காரணம் காட்டி புரூக்ஹேவன் நகராட்சி வாடகை வீடுகளை மூடியது. உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கக் கூலித் தொழிலாளிகள். வீட்டுக்காரர் செய்த தப்புக்குக் குடியிருந்தவன் தெருவில் நின்றான். தொழிலாளிகள் வழக்குப் போட்டார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் இப்படிக் காலி செய்யவைக்கக் கூடாது என்று அந்த டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

கல்லாப் பெண்ணின் தேவாலயக் கூடத்தில் ஒரு வழக்கறிஞர் வந்து ஸ்பானிஷில் வகுப்பெடுத்தார். 1967-ல் சான் பிரான்சிஸ்கோ வாடகைதாரர் ஒருவர் ஆய்வாளரை உள்ளே விட மறுத்ததற்காக அவர் மேல் வழக்குப் போட்டார்கள். வாரண்ட் இல்லாமல் வருகிற ஆய்வாளரை மறுக்க அவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே கதவைச் சாத்தாமல், குரலை உயர்த்தாமல், வாரண்ட் இருக்கிறதா என்று கேளுங்கள், அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்றார். பாட்டிமார் உட்பட எல்லோரும் அந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பழகினார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய வேலை. மாநிலத்தின் தகவல் அறியும் சட்டப்படி, அந்தப் பெண் குடியிருக்கும் நகராட்சியின் புகார், ஆய்வுப் பதிவுகளை நாங்கள் சிலர் சேர்ந்து கேட்டு வாங்கினோம். கட்டுக் கட்டாக நகல்கள், பாதிப் பக்கத்தில் முகவரியே படிக்க முடியாது. மாலை நேரங்களில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரைபடத்தின் மேல் புள்ளி வைத்தோம். புள்ளிகள் எந்தத் தெருக்களில் அப்பிக்கொண்டன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படத்தை நகராட்சிக் கூட்டத்தில் வைத்தபோது, ஒருவர் "தற்செயல்" என்றார். இன்னொரு உறுப்பினர் மட்டும் படத்தைத் தன் பக்கம் இழுத்து நெடுநேரம் பார்த்தார். இப்போது ஆய்வு அறிவிப்புகள் ஸ்பானிஷிலும் வருகின்றன. மற்றதெல்லாம் இழுபறிதான்.

மாநில அளவில் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. நியூஸ்டே கட்டுரைக்குப் பிறகு மாநில செனட் விசாரணை நடத்தியது. 2021 டிசம்பரில் ஆளுநர் கேத்தி ஹோக்கல் பல மசோதாக்களில் கையெழுத்திட்டார். தரகர்களுக்குப் பாகுபாடு பற்றிய கட்டாயப் பயிற்சி வந்தது. அதிகபட்ச அபராதம் 1,000 டாலரிலிருந்து 2,000 ஆனது. இங்கே ஒரு வீடு விற்றால் தரகர் எடுக்கும் கமிஷனை அறிந்தவர்கள் சிரிக்கலாம், தடையில்லை.

நம் வீட்டு அழுக்கையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு வாடகை விளம்பரம்: "மாடி போர்ஷன், இந்தியக் குடும்பம் மட்டும், சைவம் விரும்பத்தக்கது." சென்னையில் பார்த்துப் பழகிய வரி விமானம் ஏறி வந்திருக்கிறது. வீட்டுக்காரர் தானும் குடியிருக்கும் சின்ன வீடுகளுக்குக் கூட்டாட்சிச் சட்டம் சில விலக்குகள் தருகிறது. விளம்பரத்துக்கு அந்த விலக்கு கிடையாது. இதை எழுதியதும் விளம்பரம் போட்ட அண்ணன் உடனே கூப்பிட்டார்.

"என் வீட்டில் யாரை வைக்க வேண்டும் என்று சட்டமா எனக்குச் சொல்லும்?"

"அண்ணா, அன்றைக்கு லெவிட்டவுனில் சொன்னதும் இதே வார்த்தைதான்."

"அதையும் இதையும் முடிச்சுப் போடாதே, அம்மா."

விளம்பரத்தை நீக்கிவிட்டார். என்னோடு இப்போது பேச்சில்லை.

அடுத்த பயிற்சி வகுப்புக்கு ஆள் தேடுகிறார்கள். சொந்தமாகத் தரகுத் தொழில் செய்பவர்கள் வர முடியாது. நேரம் தவறாதவராகவும், கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுபவராகவும் இருந்தால் போதும். தமிழர்கள் அவசியம் வாருங்கள். இந்தியப் பெண் வேடத்துக்குத் திரும்பத் திரும்ப என்னையே அனுப்பிக்கொண்டிருந்தால் தரகர்களுக்கு என் முகம் பழகிவிடும்.