ரிசப்ஷன் ராத்திரியில் இருபத்தெட்டு

சென்னைக் கல்யாணங்களில் பெரும்பாலும் முதல் நாள் சாயங்காலமே ரிசப்ஷன், மறுநாள் காலையில் முகூர்த்தம். உள்ளூர்க்காரர்கள் மொய் எழுதி, சாப்பிட்டு, பீடாவோடு வண்டியேறிவிடுவார்கள். மண்டபத்திலேயே தங்கும் வெளியூர்க்காரர்களுக்கு அந்த ராத்திரி முழுக்கச் சொந்தம்.

பெரியம்மா மகனுக்கு மேற்கு மாம்பலத்தில் கல்யாணம். மதுரையிலிருந்து வைகையில் எழும்பூர். அங்கிருந்து மின்சார ரயிலில் சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம் தாண்டி மாம்பலம். ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்குள் போகாமல் எதிர்ப்பக்கம் இறங்கி, ஒரு பெட்டிக்கடையில் இரண்டு சீட்டுக்கட்டு வாங்கிக்கொண்டேன். ரம்மிக்கு இரண்டு கட்டு வேண்டும்.

மேடையில் ஏறி, போட்டோவுக்கு நின்று இறங்குவதற்குள் பெண் வீட்டில் யார் பெயரும் மனதில் நிற்காது. கீழே மெல்லிசைக் கச்சேரி, பேசினால் காதில் விழாது. அதனால் மாடி அறையில் ஜமக்காளத்தை விரித்தோம். ஆளுக்கு 13 சீட்டு, ஜோக்கர் சேராத ரம்மி ஒன்று கட்டாயம், காசு கிடையாது. பிள்ளைகள் முன்னால் சூதாட்டமா என்று ஒரு பெரியவர் முகம் சுளிக்க, வக்கீலான ஒரு விருந்தாளி, "ரம்மி பெரும்பாலும் திறமையான ஆட்டம்னு 1968-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு" என்றார். அப்புறம் அந்தப் பெரியவரும் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அத்தை வந்தார், நாகர்கோவில்காரர். "இதென்ன மக்களே, இருபத்தெட்டு ஆடத் தெரியாதா?" என்று ஒரு கட்டை எடுத்து, இரண்டு முதல் ஆறு வரை எல்லாவற்றையும் பொறுக்கி ஓரமாக வைத்தார். மீதி 32 சீட்டு. ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. மொத்தம் 28. ராஜா ராணிக்கு ஒன்றுமே இல்லை! ரம்மியிலேயே வளர்ந்த எனக்கு இது பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது.

நாலு பேர், எதிரெதிரே கூட்டாளிகள். என் எதிரே அத்தை, இரண்டு பக்கமும் பெண்ணின் சித்தப்பாவும் என் தம்பியும். முதல் நாலு சீட்டைப் பார்த்ததுமே அத்தை "இருபது" என்று கேட்டு, அதாவது நாங்கள் இருவரும் அத்தனை புள்ளி எடுப்போம் என்று சவால் விட்டு, மற்ற ஜாதிகளை வெட்டும் துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வெற்றிலைத் தட்டுக்கு அடியில் செருகினார். பாதி ஆட்டத்தில் சித்தப்பா இஸ்பேடு ஜாக்கியைப் போட்டார். அத்தையிடம் இஸ்பேடு இல்லை. தட்டைத் தூக்கி, கவிழ்த்திருந்த கிளாவர் ஒன்பதை எடுத்து வெட்டினார். தம்பி எட்டைப் போட்டான். பிடி, அதாவது அந்தச் சுற்றின் நாலு சீட்டும், எங்களுக்கு என்று தெரிந்ததும் நான் இஸ்பேடு ஒன்பதைச் சேர்த்துவிட்டேன். ஒரே பிடியில் ஏழு! "அப்படிப் போடு மக்களே!" என்று அத்தை தொடையில் தட்டிய சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது. கடைசியில் 21 எடுத்தோம்.

மேடையில் சம்பந்தி, மரியாதை என்று விறைப்பாக நின்ற சித்தப்பா, அடுத்த ஆட்டத்தில் என் தம்பியிடம் "டேய், துருப்பக் கேளுடா" என்று கத்தினார். இரண்டு வீட்டாரும் உண்மையில் உறவானது அந்த ஜமக்காளத்தில்தான் என்பேன்.

மறுவீடு நாகர்கோவிலில். அங்கே 304 கற்றுத் தருவதாக அத்தை சொல்லியிருக்கிறார். அதில் இதே ஜாக்கிக்கு 30 புள்ளியாம்.