கிச்சன் முடியுது, கடைசி செக் இன்னும் என் கைலதான்

செப்டம்பர் 8, 2025
கவுண்டர்டாப் போட்டாச்சு. நல்லாத்தான் இருக்கு, சிங்க் ஓரத்துல சிலிக்கான் கோடு மட்டும் கொஞ்சம் கோணல். சாயங்காலமே காண்ட்ராக்டர் மெசேஜ், கடைசி பேமெண்ட் 9,400 டாலர் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமாம், அடுத்த வீட்டுக்கு சாமான் எடுக்கணுமாம். இந்த தொழிலே அப்படித்தான், இந்த வீட்டு காசுல அந்த வீட்டு சாமான்.

ட்ராயர்ல போட்டு வெச்சிருந்த சர்டிஃபைட் மெயில் கவரையெல்லாம் எடுத்து டேபிள்ல பரப்பினேன். கேபினெட் கடை, கவுண்டர்டாப் கல் விக்கற ஸ்லாப் யார்டு, எலக்ட்ரீஷியன், மூணு பேர்கிட்ட இருந்தும் ப்ரிலிமினரி நோட்டீஸ், அதாவது உங்க வீட்டு வேலைல நாங்களும் இருக்கோம்னு முன்கூட்டி சொல்ற கடுதாசி. கலிபோர்னியால நம்மகூட நேரடி அக்ரிமெண்ட் இல்லாத சப்-காண்ட்ராக்டரும் சாமான் சப்ளை பண்றவங்களும் வேலை ஆரம்பிச்ச 20 நாளுக்குள்ள இதை அனுப்பணும், அப்பதான் பின்னாடி முழு பாக்கிக்கும் லீன் போட முடியும், அதாவது வர வேண்டிய காசுக்காக நம்ம வீட்டு மேலயே உரிமை பதிய முடியும். இதைப் பாத்து யாரோ கேஸ் போட்டுட்டாங்கன்னு பதறவே வேணாம். யாருக்கெல்லாம் பாக்கி இருக்கலாம்னு ஓசியில வீடு தேடி வர்ற லிஸ்ட் இது, பத்திரமா வெச்சுக்கங்க.

செப்டம்பர் 9
ஊர்ல இருந்து வந்திருக்கற அப்பாவுக்கு இது ஏறவே மாட்டேங்குது. மதுரைல வீடு கட்டினப்ப மேஸ்திரிக்கு காசு குடுத்தா சோலி முடிஞ்சுது, அவர் சிமெண்ட் கடைல கடன் வெச்சா அது அவங்க பாடு. "ஏம்மா, முழுசா குடுத்ததுக்கு ரசீது இருக்குல்ல, அப்புறம் ஸ்லாப் கடைக்காரன் உன் வீட்டு மேல எப்படி கை வைப்பான்?" வைப்பாங்கப்பா, இங்க சட்டமே அப்படி, காண்ட்ராக்டர் அவங்களுக்கு குடுக்கலேன்னா நாம ரெண்டாவது தடவை குடுக்க வேண்டி வரலாம்னேன். "அப்ப வில்லங்கத்துல ஏறிடும்னு சொல்லு"ன்னார். அதேதான். வீட்டை விக்கவோ ரீஃபைனான்ஸ் பண்ணவோ போனா வீட்டுப் பத்திரத்துல வில்லங்கம் பாக்கற டைட்டில் கம்பெனி அங்கயே நிறுத்திடும். லீன் பதிஞ்சு 90 நாளுக்குள்ள அவங்க கோர்ட்டுக்கு போகலேன்னா அது செல்லாது, ஆனா ரெக்கார்டுல இருந்து தானா மறையாது, அதை எடுக்க நாம அலையணும்.

செப்டம்பர் 11
நோட்டீஸ்ல இருந்த நம்பருக்கெல்லாம் நானே போன் போட்டேன். கேபினெட் கடை செட்டில். எலக்ட்ரீஷியன் செட்டில். ஸ்லாப் யார்டுல 3,850 டாலர் பாக்கி!

காண்ட்ராக்டர்கிட்ட கேட்டா நேத்தே அனுப்பிட்டேங்கறார், கூடவே லீன் உரிமையை விட்டுக்குடுக்கறதா அவர் கையெழுத்து போட்ட வெய்வர் ஒண்ணு ஈமெயில்ல. அந்த பேப்பர் அவரோட உரிமையை மட்டும்தான் விட்டுக்குடுக்கும், ஸ்லாப் யார்டை கட்டுப்படுத்தாது. லைசென்ஸுக்காக அவர் வெச்சிருக்கற ஜாமீன், 25,000 டாலர் பாண்ட் இருக்கே, என்ன பயம்னு வேற கேட்டார். அந்த பாண்ட் எனக்கு மட்டுமா, அவர்மேல க்ளெயிம் போடற எல்லாருக்கும் சேர்த்துத்தானே.

செப்டம்பர் 12
வெள்ளிக்கிழமை. செக் குடுக்கல. அடுப்புக்கு கீழ டோ-கிக் பலகை, தரையோரமா அடிக்கற மறைப்பு, ரெண்டு இன்னும் அடிக்கல, சிட்டி ஃபைனல் இன்ஸ்பெக்ஷனும் பாக்கி. 3,850க்கு அவர் பேரும் ஸ்லாப் யார்டு பேரும் சேர்த்து ஜாயிண்ட் செக், மீதி 5,550 அவர் பேருக்கு, ரெண்டும் வேலை முடிஞ்ச அன்னைக்கேன்னு சொல்லிட்டேன். என்னை நம்பலியான்னு முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டார். நம்பிக்கை வேற, கணக்கு வேற சார்.

செப்டம்பர் 19
இன்ஸ்பெக்ஷன் பாஸ், பலகையும் அடிச்சாச்சு. செக்கை நீட்டறப்பவே அவர்கிட்டயும் ஸ்லாப் யார்டுகிட்டயும் ஃபைனல் பேமெண்டுக்கான கண்டிஷனல் வெய்வர் வாங்கிட்டேன், அதாவது இந்த காசு கைக்கு வந்தா லீன் உரிமை போயிடும்னு. செக் க்ளியர் ஆனதும் அன்கண்டிஷனல் வாங்கணும், அது எந்த நிபந்தனையும் இல்லாத விடுதலை. இந்த ரெண்டு வெய்வரோட வார்த்தையெல்லாம் கலிபோர்னியா சிவில் கோடுலயே இருக்கு, செக்‌ஷன் 8136ம் 8138ம், அவங்களா டைப் பண்ணின லெட்டரை நம்பி காசு குடுக்காதீங்க.

செப்டம்பர் 22
ஓக்லாண்ட் போய் பத்திரம் பதியற கவுண்டி ரெக்கார்டர் ஆபீஸ்ல நோட்டீஸ் ஆஃப் கம்ப்ளீஷன், அதாவது வேலை முடிஞ்சுதுங்கற அறிவிப்பை, பதிஞ்சேன். வேலை முடிஞ்ச 15 நாளுக்குள்ள பதியணும், முடியறதுக்கு முன்னாடியே பதிஞ்சா செல்லாது, அதுக்குத்தான் அந்த ரெண்டு பலகைக்காக அவ்ளோ மல்லுக்கட்டினேன். இது பதியலேன்னா எல்லாருக்கும் லீன் போட 90 நாள் டைம். பதிஞ்சா காண்ட்ராக்டருக்கு 60, சப்புக்கும் சப்ளையருக்கும் 30 தான். டைல் ஒட்டினவங்க மாதிரி கூலிக்கு வந்தவங்க ப்ரிலிமினரி நோட்டீஸ் அனுப்பாமலே லீன் போடலாம், அதனால அந்த 30 நாள் எனக்கு முக்கியம்.

டல்லாஸ்ல இருக்கற மச்சினர் கதையைக் கேட்டுட்டு அங்க சட்டம் வேறன்னார், டெக்சாஸ்ல ஓனரே 10 சதவீதத்தை வேலை முடிஞ்சு 30 நாள் வரைக்கும் பிடிச்சு வெச்சுக்கணுமாம். அந்தந்த ஸ்டேட் சட்டத்தைப் பாத்துக்கங்க, என் கதையை அப்படியே காப்பி அடிக்காதீங்க.

அக்டோபர் 24
30 நாள் தாண்டியாச்சு, ரெக்கார்டர் சைட்ல என் பேரைப் போட்டு தேடினேன், லீன் ஒண்ணும் இல்ல. ஸ்லாப் யார்டோட அன்கண்டிஷனல் போன வாரமே வந்துடுச்சு. காண்ட்ராக்டரோடது இன்னும் வரல, செக் எப்பவோ க்ளியர், திங்கக்கிழமை மறுபடி போன் போடணும், சிலிக்கான் கோட்டையும் அப்பவே கேட்டுடறேன்.