பெரியம்மாவின் கிளினிக் கொப்பி

2024 ஜூன் 3, திங்கள்

பெரியம்மாவை வார்டிலிருந்து இன்று வெள்ளவத்தைக்கு, எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். வெள்ளிக்கிழமை விடியற்காலை கொட்டாஞ்சேனை வீட்டில் உடல் முழுக்க வியர்த்துப் பேச்சுக் குழறிக் கிடந்தவருக்கு விரலில் குத்திப் பார்த்தபோது சீனி மிகவும் இறங்கி 48 ஆக இருந்ததாம். சீனித் தண்ணீர் பருக்கியதும் தெளிந்தவர், இரண்டு மணி நேரத்தில் மீண்டும் சரிந்தார். அந்த இரண்டாவது சரிவுதான் என்னைக் கலங்க வைத்தது.

அவர் ஆண்டுக்கணக்கில் விழுங்கிவந்த சீனிக் குளிசையான கிளிபென்கிளமைட் ஈரலில் சிதைந்த பிறகும், அந்தச் சிதைபொருள்கள் சீனியைக் குறைத்துக்கொண்டே இருக்கும். அவற்றை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் தளர்ந்திருந்தால், அவை உடலில் தேங்கி நின்று, சாப்பிட்டதையும் மீறிச் சீனியை இறக்கும்.

கிளினிக் கொப்பியை இரவு முழுவதும் புரட்டினேன். சிறுநீரகம் வடிகட்டி அகற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினை இரத்தத்தில் கடைசியாகப் பார்த்தது 14 மாதங்களுக்கு முன், அப்போது 1.1. வார்டில் 1.6. 68 வயதுப் பெண்ணுக்கு அது சிறுநீரகம் வடிகட்டும் வேகம் ஏறத்தாழ 55இலிருந்து 35க்கு இறங்கியதைக் காட்டுகிறது. இடைப்பட்ட பக்கங்களிலெல்லாம் ‘அதே மருந்து’ என்ற ஒரே வரி. இன்னொரு சீனிக் குளிசையான மெட்ஃபோர்மினும் நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம் ஓடியிருக்கிறது. வேகம் 45க்குக் கீழே போனால் 1000ஐத் தாண்டக்கூடாது, 30க்குக் கீழே போனால் அறவே நிறுத்த வேண்டும். மருந்தாளராகிய நானும் அந்தக் கொப்பியை ஒருநாளும் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

ஜூன் 12, புதன்

கிளிபென்கிளமைட் நின்றது. அதற்குப் பதிலாக லினாகிளிப்டின் 5 மில்லிகிராம். அது பெரும்பாலும் குடல்வழியே வெளியேறுவதால் சிறுநீரகத்துக்காக அளவை மாற்ற வேண்டியதில்லை. மெட்ஃபோர்மின் பாதியானது.

மாலையில் அவருடைய கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தபோது, நான்கு குளிசைகள் மிஞ்சிய டைக்ளோஃபெனாக் அட்டை ஒன்று விழுந்தது. “முழங்கால் நோவுக்குத்தானே பிள்ளை, இது சீனிக் குளிசை இல்லையே” என்றார். சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும் குளிசை அது. எந்த வைத்தியரும் அதைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை. அவருக்கும் சொல்லத் தோன்றியிருக்கவில்லை.

ஜூலை 4, வியாழன்

நேற்றிலிருந்து வயிற்றோட்டம். உடல் வறண்டால் சிறுநீரகம் மேலும் தளர்ந்து, மெட்ஃபோர்மின் தேங்கி, இரத்தத்தில் லக்டிக் அமிலம் கூடிவிடலாம் என்பதால், வைத்தியரைத் தொலைபேசியில் கேட்டு அதை நிறுத்திவைத்தோம். இனி வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் உடனே அழைக்க வேண்டிய இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டினேன்.

ஜூலை 22, திங்கள்

கிரியேட்டினின் 1.4, வேகம் சுமார் 41. வலிக் குளிசையை நிறுத்தியது உதவியிருக்கும் என்று நம்புகிறேன். மீண்டும் தொடங்கிய மெட்ஃபோர்மினை வைத்தியர் 1000இலேயே வைத்திருக்கிறார். கொப்பியின் முன் அட்டையில் பெரியம்மா தம் கையாலேயே எழுதினார்: ‘இரத்தம் சோதிக்கக் குடுக்கிறது – ஒக்டோபர் 21.’