கோச் என்னிடம் எதுவும் சொன்னதில்லை

"காயம் சம்பந்தமான முடிவுகளில் கோச் எப்போதாவது உங்களுக்கு அழுத்தம் கொடுத்தாரா?" பல்கலைக்கழகம் அமர்த்திய வழக்கறிஞர் கேட்டார். இல்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனாலும் அந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை.

கோச் ஒரு செவ்வாய்க்கிழமை போனார். காலையில் நாலு வரி மின்னஞ்சல், மதியத்துக்குள் அறை காலி. ஆட்டக்காரர்களை அவர் நடத்தும் விதம் பற்றி விசாரணை நடப்பது தெரிந்ததுதான். ஆனால் சீசன் நடுவில் போவார் என்று யாரும் நினைக்கவில்லை.

அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் என் வேலை காயத்தைப் பார்ப்பது. தினமும் காலையில் நான் அனுப்பும் பட்டியலில் மூன்றே வகை: முழுப் பயிற்சி, பாதிப் பயிற்சி, ஓய்வு. கோச் அதை ஒரு நாளும் மாற்றச் சொன்னதில்லை. 'இவன் ஏன் ஓய்வு?' என்றுகூடக் கேட்டதில்லை. பார்ப்பார், மடித்துப் பாக்கெட்டில் வைப்பார், மைதானத்துக்குப் போவார்.

அங்கே 'ஓய்வு' என்று குறிக்கப்பட்டவர்கள் ஓரமாக, மற்றவர்கள் பார்க்க, காயம்படாத உறுப்பை வைத்து என்னவெல்லாம் செய்ய முடியுமோ அதைப் பயிற்சி முடியும்வரை செய்ய வேண்டும். கால் போனவனுக்குத் தண்டால், கை போனவனுக்குப் படிக்கட்டு. கூடவே கேலியும் திட்டும்.

ஹாம்ஸ்ட்ரிங், அதாவது தொடையின் பின்தசை, கிழிந்த ஒரு பையன் சிகிச்சை மேசையில் படுத்தபடி கேட்டான்: "ஓய்வுன்னு எழுதாதீங்க டாக். பாதின்னு போடுங்க, நான் சமாளிச்சுக்கறேன்." ஓய்வு என்றே எழுதினேன். வேறென்ன எழுதுவது? அந்தத் தசையோடு முழு வேகத்தில் ஓடினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ஆனால் அடுத்த முறை வலித்தபோது அவன் என்னிடம் வரவில்லை. தானே பட்டை சுற்றிக்கொண்டு ஆடினான். மற்றவர்களும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள். பட்டியல் வாரத்துக்கு வாரம் சிறுத்தது. அணி ஆரோக்கியமாக இருக்கிறது என்று ஒரு கூட்டத்தில் எனக்குப் பாராட்டு வேறு.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2015 ஆகஸ்டில் ஃபுட்பால் கோச் டிம் பெக்மன் நீக்கப்பட்டபோது முதல் ஆட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. காயத்தைச் சொல்ல விடாமல் தடுக்கப் பார்த்தார், மருத்துவ முடிவுகளில் தலையிட்டார் என்று விசாரணையில் தெரியவந்தது. அதைச் சுட்டிக்காட்ட முடியும். எங்கள் கோச் எங்கள் பக்கமே வரவில்லை. வரத் தேவையும் இருக்கவில்லை.

அவரை அரக்கன் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. மேரிலாந்து பல்கலைக்கழக அணியில் 2018 மே 29 அன்று ஓட்டப் பயிற்சியில் ஜோர்டன் மெக்நேர் என்ற ஆட்டக்காரன் வெப்பத்தாக்குக்கு ஆளானான். பத்தொன்பது வயது. உடனே குளிர்நீர்த் தொட்டியில் இறக்கியிருக்க வேண்டும், இறக்கவில்லை. ஜூன் 13 அன்று இறந்தான். அதைச் சொல்லி மைதான ஓரத்துக்கு நான் தொட்டிகள் கேட்டபோது, எங்கள் கோச் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். வெயில் ஏறினால் பயிற்சியை நிறுத்தச் சொல்வேன், நிறுத்துவார். மேரிலாந்து விசாரணைக் குழு இன்னொன்றும் எழுதியது: வாய் திறக்கப் பலர் பயந்ததால்தான் அங்கே பிரச்சினைகள் புரையோடின. தொட்டி வாங்கித் தந்தவர் அந்தப் பகுதியையும் படித்தாரா, தெரியாது.

வழக்கறிஞரிடம் மைதான ஓரத்தில் பார்த்ததை எல்லாம் சொன்னேன். அறிக்கையில் அது 'கடுமையான பயிற்சி முறை' என்று ஒரு வரியானது. பையன் மேசையில் சொன்னதைச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டிருந்தான். நாளைக்கு இன்னொருவன் வந்து படுக்க வேண்டிய மேசை அது. இன்று கேட்டாலும் சொல்ல மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என் 'இல்லை'க்குத் தனிப் பத்தி கிடைத்தது. மருத்துவக் குழு சுதந்திரமாகச் செயல்பட்டதாம். கோச்சின் ஆதரவாளர்கள் இன்னும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். சரி, அதிலும் பொய் இல்லையே.

புது கோச் வந்ததும் ஓரப் பயிற்சி நின்றது. பட்டியல் நீண்டது. போன மாதம் நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார்: "பழையவர் இருந்தபோது இவ்வளவு காயம் இல்லையே, இப்போ என்ன ஆச்சு?" விளக்க ஆரம்பித்தேன். பாதியில் அவருக்கு வேறொரு கூட்டம் வந்துவிட்டது.