பழைய கடையின் வரலாறு வேண்டுமா? பக்கத்துக் கடைப் பத்திரத்தைக் கேளுங்கள்

பெங்களூர் அல்சூர் பஜார் ஸ்ட்ரீட்டில் எங்கள் பாத்திரக்கடை இருக்கும் மாடிக் கட்டிடத்தைத் தை பிறந்ததும் இடிக்கப் போகிறோம். சித்தப்பா, அத்தை எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. இடிப்பதற்குள் அதை யார் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்று ஆதாரத்தோடு எழுதி வைத்துவிட வேண்டும் என்று நான் கிளம்பினேன். வேலை முடிந்துவிட்டது, ஆனால் ரிஜிஸ்டர் ஆபீசில் பட்ட பாடு இன்னும் மனதில் ஆறவில்லை. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பாதி அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

கையில் இருந்தது தாத்தா 1958ல் வாங்கிய கிரயப் பத்திரம் ஒன்றுதான். தாய்ப் பத்திரம் கிடையாது. 2004க்குப் பிறகான வில்லங்கச் சான்று கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் சிரமமில்லாமல் கிடைத்துவிட்டது. அதற்கு முந்தையதற்கு மனு போட்டுத்தான் தேடச் சொல்ல வேண்டும். தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

மனுவில் சொத்து விவரம் என்ற இடத்தில் பழைய கதவு எண்ணையும் செக்குபந்தியையும், அதாவது நான்கு பக்க எல்லை விவரத்தையும், எழுதியிருந்தேன். கவுண்டரில் இருந்தவர் அதை அடித்துவிட்டு, இப்போதைய காத்தாவில் (மாநகராட்சியின் சொத்துவரிப் பதிவில்) இருக்கிற எண்ணை மட்டும் எழுதச் சொன்னார். பழைய எண் வேண்டாமா சார் என்றதற்கு, எங்களுக்குத் தெரியும் என்று பதில். ஆண்டுக்கணக்கில் தேடுகூலி கட்டி, “நாளே பன்னி” (நாளைக்கு வாங்க) என்ற பதில்களை எல்லாம் தாண்டிக் கையில் வந்தது படிவம் 16. அதாவது, அந்தச் சொத்தின் மேல் எந்தப் பதிவுமே இல்லை என்கிற சான்று. தாத்தா 1958ல் அதே எல்லைக்குள் ரிஜிஸ்டர் செய்த பத்திரம் என் பையில் இருக்கிறது, சான்றிதழோ ஒன்றும் நடக்கவில்லை என்கிறது! பத்திரத்தை எடுத்துக் காட்டினேன். ‘நில்’ (ஒன்றும் இல்லை) என்றால் ‘நில்’தான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அந்தப் பணமும் போச்சு, நாட்களும் போச்சு.

காரணம் எளிது. அந்தக் காலப் பதிவேட்டில், பத்திரத்தில் எழுதியிருந்த விவரம் எதுவோ அதுதான் ஏறியிருக்கும். பின்னால் முனிசிபாலிட்டி எண்ணை மாற்றினால் அந்தப் பக்கங்கள் தானாக மாறாது. எங்கள் பகுதியில் இந்தக் குழப்பம் அதிகம். 1881ல் மைசூர் ராஜ்யம் உடையார்களுக்குத் திரும்பிப் போன பிறகும் எங்கள் பகுதியும் அடங்கிய கன்டோன்மென்ட்டை (ராணுவக் குடியிருப்பை) வெள்ளைக்காரர்கள் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். 1947ல்தான் அது மைசூருக்குத் திரும்பியது. 1949ல் பேட்டை (பழைய நகர) முனிசிபாலிட்டியும் கன்டோன்மென்ட் முனிசிபாலிட்டியும் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயிற்று. எங்கள் ஒரே கடைக்கு மூன்று கதவு எண்கள் இருக்கின்றன. பஹணி (நிலப் பதிவேட்டு நகல்) பார்க்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். அது விளைநிலத்துக்கு. பழைய ஊரின் நடுத்தெருவில், நத்தத்தில் நிற்கிற கடைக்குப் பஹணி ஏது?

அதனால் மனு எழுதும்போது புதிய எண், பழைய எண், அதற்கும் முந்தைய எண், செக்குபந்தி என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். அடிக்க வந்தால் விடாதீர்கள். அல்சூர், அலசூர், ஹலசூரு என்று ஊர்ப்பெயரின் எழுத்துகளையும் சேர்த்தே போடுங்கள். திரும்ப மனு போட்டபோது 1958 பதிவு ஒழுங்காக வந்தது. ஆனால் அதற்கு முந்தைய பதிவு எதுவும் அகப்படவில்லை.

வழி காட்டியவர் பக்கத்து நாட்டு மருந்துக்கடைப் பெரியம்மா. “கண்ணு, எங்க மாமனார் பத்திரத்துல உங்க கடையைப் பத்தி எழுதியிருக்கு, பாத்துக்கோ” என்று டிரங்குப் பெட்டியிலிருந்து 1936ஆம் வருஷத்துப் பத்திரத்தை எடுத்து வைத்தார். தமிழ்ப் பத்திரம். மடிப்புகளில் கிழிந்து, பின்னால் மல்துணி ஒட்டியிருந்தது. செக்குபந்தி இருந்த இடத்தில் கத்தரிப்பூ நிற மை கொஞ்சம் ஊறியிருந்தாலும் எழுத்து தெளிவாகவே இருந்தது. வடக்கு எல்லை என்று எழுதியிருப்பது எங்கள் இடம். அங்கே இன்னார் கொள்ளுக் கிடங்கும் மேல்மாடி வீடும் என்று இருந்தது. தாத்தா வாங்குவதற்கு முன்னால் அது கொள்ளுக் கிடங்கு என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. படபடப்பாகிவிட்டது எனக்கு. கன்டோன்மென்ட்டில் அத்தனை குதிரைகள் இருந்த காலத்தில் கொள்ளு வியாபாரம் எப்படி நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பின்சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சதுரக் கருங்கல் பதித்திருப்பது எதற்கு என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். மூட்டை உரசிச் சுவர் பெயராமல் இருக்கத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தப் பத்திரத்திலேயே அதற்கு முந்தைய 1921ஆம் வருஷத்துப் பத்திரத்தின் எண்ணும் இருந்தது. அதன் நகலுக்கு மனு போட்டேன். இது உங்கள் சொத்தே இல்லை, உங்களுக்கு எப்படித் தருவது என்று மறுத்தார்கள். இந்த இடத்தில் பலர் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் 57ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1ஆம் புத்தகத்தையும் அதன் இன்டெக்ஸையும் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். சொத்துக்கு உரிமையாளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அந்தப் பிரிவை அச்செடுத்து மனுவோடு பின் செய்து நேராகச் சப்-ரிஜிஸ்திராரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு முதல் தடவையாக நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. பக்கம் மங்கிவிட்டது, படிக்க முடியவில்லை என்று மனு திரும்பி வந்தது. புத்தகத்தை நானே பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிப் பார்த்தால், பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. எழுதியிருந்தது தமிழில், நகல் எடுப்பவருக்குத் தமிழ் படிக்க வராது, அவ்வளவுதான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு கிடைத்த நகலில், சொத்து விவரமும் எல்லைகளும் எழுதியிருக்கும் ஷெட்யூல் பக்கத்தைக் காணோம். எனக்கு வேண்டியதே அந்தப் பக்கம்தான்! ஆகவே நகல் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் கடைசிப் பக்கத்தில் செக்குபந்தி இருக்கிறதா, முத்திரையும் கையெழுத்தும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பாதி நகலுக்காக இன்னொரு அரைநாள் லீவு போடுவது கொடுமை.

ஷெட்யூல் வந்தது. 1921ல் எங்கள் இடம் வெறும் காலி மனை.

இதில் ஒரு பழைய நம்பிக்கையும் உடைந்தது. கூரையின் பின்பகுதி ஓடுகளில் பேசல் மிஷன் முத்திரை இருப்பதால், கட்டிடம் முதல் உலகப்போருக்கு முந்தையது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். மங்களூரில் பேசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை 1865ல் தொடங்கியது, போருக்குப் பிறகு அது காமன்வெல்த் டிரஸ்ட் கைக்குப் போய்விட்டது என்பதெல்லாம் சரிதான். ஆனால் ஓடு கழற்றி மாட்டுகிற பொருள். வேறு ஏதோ கட்டிடத்தில் இருந்ததை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஓட்டு முத்திரையையும் இரும்பு உத்திரத்தில் உள்ள கம்பெனிப் பெயரையும் படம் எடுத்து வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி வருஷம் சொல்லாதீர்கள்.

அப்புறம் நடந்தது பெயர்த் தேடல். 1936 பத்திரத்தில் கொள்ளுக் கிடங்குக்காரரின் பெயர் இருந்ததல்லவா? இன்டெக்ஸ் 2 சொத்து வாரியாக இருக்கும், இன்டெக்ஸ் 1 பெயர் வாரியாக. எண் குழம்பிய இடத்தில் பெயர்தான் காப்பாற்றும். அவர் முதலியார். ஆங்கிலப் பதிவில் அது முதலியார், மூடலியார், மூடலி என்று எழுதியவர் கைக்கு ஏற்றபடி மாறும். எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 1921லிருந்து ஒவ்வொரு வருஷமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். 1927ல் ஓர் அடமானப் பத்திரம் மாட்டியது. பாதி எழும்பி நிற்கிற கட்டிடத்தை முடிப்பதற்காக, அந்த மனையையே ஈடாக வைத்து வாங்கிய கடன். செக்குபந்தி எங்கள் இடத்தோடு நான்கு பக்கமும் பொருந்தியது. புத்தகத்தை மூடாமல் அப்பாவுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். “அப்போ நூறு வருஷம்னு சொல்லலாமா?” என்றார். ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே இருந்தாலும் தாராளமாகச் சொல்லலாம்ப்பா என்றேன்.

கடைக்கு யார் யார் வாடகைக்கு இருந்தார்கள் என்பது வில்லங்கச் சான்றில் வராது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவு கட்டாயம் என்பதால், மாத வாடகைக்காரர்கள் எதிலும் ஏறுவதில்லை. அதற்குக் கந்தாய (சொத்துவரி) ரசீது, பழைய பில் புத்தகம், காலி செய்யச் சொல்லிப் போட்ட எச்.ஆர்.சி. (வீட்டு வாடகைக் கட்டுப்பாடு) வழக்குக் கட்டு ஆகியவற்றைப் பாருங்கள். எங்கள் வீட்டு வழக்குக் கட்டில் மாடிப்படியின் அகலம் வரை எழுதியிருந்தார்கள்.

உயில் சந்தேகம் இருந்தால் அது 3ஆம் புத்தகம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் ஏஜெண்டுக்கோதான் நகல் தருவார்கள். காலமான பிறகு யார் கேட்டாலும் தர வேண்டும், மரணச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கிடங்குக்காரர் உயில் எழுதியிருந்தாரா, 1958ல் தாத்தாவுக்கு விற்றவர் அவருக்கு என்ன உறவு என்பதற்காக நானும் மனு போட்டிருக்கிறேன். இந்தத் தடவை பெயரை எல்லா எழுத்துகளிலும் எழுதிக் கொடுத்தேன், யாரும் அடிக்கவில்லை.